நாய் குரைத்தது, காவல்காரன் எழுந்தானா?

(எம்.ரெட்டியபட்டியில் ஒரு மாலைக் கூட்டத்தில், ரத்த வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மைக் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆச்சிமாருக்குக் கேட்காது என்று கையில் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தே காலத்தைக் கழித்தவன் நான். அதனால் பேச்சு கொஞ்சம் முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஐப்பசி மாதத்து ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன். நல்ல மழை. பத்து மணி வாக்கில் இந்தப் பக்கத்துப் பையன்கள் ஏழு பேர் பைக்கில் நனைந்துகொண்டே ரத்த வங்கிக்கு வந்தார்கள். அவர்களோடு வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். நோயாளி நாற்பத்திரண்டு வயசுப் பெண், ஐந்து பிள்ளை பெற்றவர். கரிமூட்டத்தில் வேலை. கர்ப்பப்பைக் கட்டியால் மாசக்கணக்கில் ரத்தப்போக்கு. ஹீமோகுளோபின் 4.8. குரூப் ஓ பாசிட்டிவ்.

எங்கள் குளிர்பெட்டியில் ஆறு ஓ பாசிட்டிவ் பை இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அந்த அம்மாவின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்தேன். ஆறும் சேரவில்லை. பையன்கள் ஏழு பேரும் ஓ பாசிட்டிவ் என்று சீட்டோடு வந்திருந்தார்கள். ஏழு பேரிடமும் மாதிரி எடுத்துப் பார்த்தேன். ஏழும் சேரவில்லை. மணி இரண்டாகிவிட்டது. பெரியவருக்குப் பொறுமை போயிற்று.

"ஏன் சார், ஓ பாசிட்டிவ் கேட்டீக, ஓ பாசிட்டிவ் கொண்டாந்து நிறுத்தியிருக்கோம். பொண்ணா எடுக்கப் போறோம், பத்துப் பொருத்தமும் பாத்துக்கிட்டு இருக்கீக?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அன்றைக்கு அவருக்குப் புரிகிற மாதிரி என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய பேச்சு அந்தப் பதில்தான்.

முதலில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிடுவோம். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. நம் மாவட்டமே பதறிப்போன சங்கதி. அதற்குப் பிறகு இங்கே யார் ரத்த வங்கிக்கு வந்தாலும், "டெஸ்ட் பண்ணின ரத்தம்தானே?" என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்தச் சோதனை, கொடுக்கிறவருடைய ரத்தத்தில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. நான் பேச வந்தது வேறு. கொடுக்கிறவர் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, வாங்குகிறவர் ரத்தத்திலும் கிருமி இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும்? அதை ஏற்றுவதற்கு முன்பே குழாயில் பார்த்துச் சொல்ல முடியுமா?

நமக்குத் தெரிந்த ஆட்டைக் கொண்டே சொல்கிறேன். வேம்பூர்ப் பக்கத்துப் பொட்டு ஆடு எல்லோருக்கும் தெரியும். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டு. தூரத்தில் நின்றே இன்ன ஆடு என்று சொல்லிவிடலாம். ரத்தச் சிவப்பணுவின் மேலும் இப்படி அடையாளங்கள் உண்டு. 1901-ல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டு சொன்ன ஏ, பி என்பவை தூரத்திலிருந்தே தெரிகிற பொட்டு மாதிரி. ஆனால் ஆட்டுக்காரர் தன் ஆட்டுக்குக் காதில் ஒரு கீறல் போட்டிருப்பார், முதுகில் சாயம் தடவியிருப்பார், காலில் கயிறு கட்டியிருப்பார். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அது தெரியும். சிவப்பணுவின் மேல் அந்த மாதிரி 300-க்கும் மேற்பட்ட அடையாளங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் சட்டைப்பையில் இருக்கிற ரத்த அட்டையில் எழுதியிருப்பது அதில் இரண்டோ மூன்றோதான்.

நம் உடம்பில் ஒரு கிடை நாய் உண்டு. ஆன்ட்டிபாடி என்பது அதுதான். தன் கிடையில் இல்லாத அடையாளத்தோடு ஒரு ஆடு உள்ளே வந்தால் குரைக்கும். ஏ, பி இரண்டுக்கும் குரைக்கிற நாய் நமக்குச் சின்ன வயசிலேயே அமைந்துவிடுகிறது. மற்ற அடையாளங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி இல்லை. ஒரு தடவையாவது அந்நிய அணு உள்ளே வந்திருக்க வேண்டும். அது வருகிற வழி இரண்டு. ஒன்று, முன்னால் ஏற்றிக்கொண்ட ரத்தம். இன்னொன்று பிள்ளைப்பேறு. வயிற்றில் இருக்கிற பிள்ளை பாதி தகப்பன். தகப்பனுடைய அடையாளம் பிள்ளையின் ரத்தத்தோடு தாயின் உடம்புக்குள் கொஞ்சம் கசிகிறது, முக்கியமாகப் பிரசவ நேரத்தில். எல்லாத் தாய்க்கும் நாய் விழித்துக்கொள்வதில்லை. சிலருக்கு விழித்துக்கொள்ளும்.

இதை உலகம் தெரிந்துகொண்டதே ஒரு தாயால்தான். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. ரத்தப்போக்கு. கணவன் ரத்தமும் மனைவி ரத்தமும் ஓ என்று பார்த்து, கணவன் ரத்தத்தையே ஏற்றினார்கள். அந்த அம்மாவுக்குக் குளிர் நடுக்கம், காலிலும் தலையிலும் வலி, ஏற்றிய ரத்தம் சிறுநீரில் உடைந்து வந்தது. பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் என்ற இருவர் 1939-ல் இதை எழுதினார்கள். குரூப் ஒத்துப்போகிற 104 பேருடைய ரத்தத்தோடு அந்த அம்மாவின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கிற நீரை, சேர்த்துப் பார்த்ததில் 80 பேருடையது திரிந்தது. ஆர்.எச். என்று இன்று நாம் சொல்லும் பாசிட்டிவ், நெகட்டிவ் சமாசாரத்தின் தொடக்கம் இது. இங்கே ஆஸ்பத்திரியில் மனைவிக்கு ரத்தம் என்றதும் முதலில் சட்டைக் கையை மடக்குகிறவர் புருஷன்தான். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பிள்ளை பெற்ற மனைவிக்கு, அந்த ஐந்து பிள்ளையும் காட்டிக்கொடுத்த அதே அடையாளத்தோடு நிற்கிற ஆளும் அவர்தான்.

சரி, நாய் குரைக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கொடுப்பவரின் சிவப்பணு ஒரு சொட்டு, வாங்குபவரின் சீரம் இரண்டு சொட்டு, குழாயில் விட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும். கட்டிக்கொண்டால் சேராது. இதுதான் கிராஸ்மேட்ச். 1907 வாக்கில் நியூயார்க்கில் ரூபன் ஆட்டன்பெர்க் நோயாளிகளுக்குப் பார்க்க ஆரம்பித்தார். ஆனால் அதில் ஒரு ஓட்டை. ஆன்ட்டிபாடியில் பெரிய சாதி ஒன்று உண்டு. பத்துக் கை இருப்பதால் நாலைந்து அணுக்களை ஒரே நேரத்தில் பிடித்துக் கட்டியாக்கிவிடும், கண்ணுக்குத் தெரியும். சின்ன சாதிக்கு இரண்டே கை. அணுவின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து அணுவை எட்டிப் பிடிக்க எட்டாது. அது சத்தமே போடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிற நாய். குழாயில் ஒன்றும் தெரியாது, உடம்பில் போனால் தெரியும்.

1945-ல் இதற்கு வழி கண்டவர் கேம்பிரிட்ஜ் ராபின் கூம்ஸ். கூட இருந்தவர்கள் ஆர்தர் மூரன்ட், ராபர்ட் ரேஸ். ஆடு மாடு வைத்திருக்கிற ஊரில் இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷம்: கூம்ஸ் படித்தது கால்நடை மருத்துவம். யுத்த காலத்தில் லண்டனிலிருந்து திரும்பும்போது, விளக்கு மங்கலான ரயில் பெட்டியில் உட்கார்ந்து யோசித்தபோது பளிச்சென்று பட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். யோசனை எளிது. ஆன்ட்டிபாடியும் ஒரு புரதம்தானே? மனுஷப் புரதத்தை முயலுக்கு ஊசி போட்டால், அந்தப் புரதத்தைப் பிடிக்கிற ஆன்ட்டிபாடி முயலுக்கு வரும். அந்த முயல் சீரத்தைக் குழாயில் ஒரு சொட்டு விட்டால், அணுக்களின் மேல் சத்தமில்லாமல் ஒட்டியிருக்கிற குட்டைக்கையர்களை அது இணைத்துக் கட்டியாக்கிவிடும்.

அதைச் செய்யும்போது பார்த்திருக்க வேண்டும் நீங்கள். 37 டிகிரிச் சூட்டில் வைத்து எடுத்து, உப்புத் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவ வேண்டும். சோம்பல்பட்டு இரண்டு தடவையோடு விட்டால், மிஞ்சிய சீரம் முயல் சொட்டைத் தின்றுவிடும். சேராத ரத்தம் சேர்ந்த மாதிரி காட்டும். பிறகு சொட்டு விட்டு, மெஷினில் சுற்றி, குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்ப்போம். அடியில் சிவப்பாக ஒரு பொத்தான். சாய்க்கச் சாய்க்க அந்தப் பொத்தான் ஊதுபத்திப் புகை மாதிரி வளைந்து வளைந்து கரைந்தால் நிம்மதி. மணி மணியாக உடைந்து வந்தால் ரத்தம் சேராது. விரல் கொஞ்சம் வேகமாக ஆட்டிவிட்டால் சின்ன மணிகள் கலைந்துபோகும். அந்த ராத்திரி பதின்மூன்று குழாயிலும் மணி உதிர்ந்தது.

இப்போது குழாய் குறைந்து ஜெல் கார்டு வந்துவிட்டது. பிரான்சில் யீவ் லாப்பியர் 1980-களில் உருவாக்கியது. சின்னச் சின்னக் குழல்களில் பசை மாதிரி மணிகள். விருதுநகர் கமிஷன் கடையில் மல்லி சலிப்பது போலத்தான். தனி அணு சலித்துக்கொண்டு அடிக்குப் போகும், கட்டி மேலேயே தங்கும். ஆட்டும் விரலைப் பொறுத்தது இல்லை, மறுநாளும் எடுத்துப் பார்க்கலாம். எனக்கு என்னவோ குழாய்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

குரைக்கிறது என்று தெரிந்தால் போதாது. எந்த அடையாளத்தைப் பார்த்துக் குரைக்கிறது? அதற்குப் பேனல் என்று ஒன்று. அடையாளம் முழுக்கத் தெரிந்த பத்துப் பதினோரு பேருடைய சிவப்பணு, புட்டியில் வரும். ஒவ்வொன்றோடும் நோயாளியின் சீரத்தைச் சேர்த்து, எதெதற்குக் குரைக்கிறது, எதெதற்குச் சும்மா இருக்கிறது என்று கட்டம் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்படும். ஆனால் புட்டிகளில் பலவும் சீமையிலிருந்து வருகிறவை, விலை அதிகம், சில வாரங்களில் கெட்டுப்போகும். எல்லா ரத்த வங்கியிலும் கையிருப்பு இருக்காது. அந்த அம்மாவின் சீரத்தைப் பெரிய இடத்துக்கு அனுப்பித்தான் பதில் வாங்கினோம். ஆர்.எச். குடும்பத்தில் எங்கள் ஆட்கள் 'சின்ன ஈ' என்று சொல்கிற அடையாளம். அது இல்லாதவர்கள் நம் நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர். அந்த அம்மா அந்த இரண்டில் ஒருவர். எழுநூறு பையன்கள் பைக்கில் வந்திருந்தால் ஒரு பத்துப் பதினைந்து பேர் தேறியிருப்பார்கள்.

விசாரித்ததில், மூன்றாவது பிரசவத்தில் வேறொரு ஊரில் இரண்டு பை ரத்தம் ஏற்றியது தெரிந்தது. முதலில் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன். "அது பிள்ளைபேத்துக்கு ஏத்துனதுதான சார், நோவுக்கா ஏத்துனது?" என்றார் அந்த அம்மா.

இதைவிடப் பொல்லாத நாய் ஒன்று உண்டு. குரைத்துவிட்டு மறைந்துபோகிற நாய். கிட் என்ற அடையாள இனம், 1951-ல் கண்டது. பேர் அந்த ஆன்ட்டிபாடி இருந்த ஒரு தாயின் குடும்பப் பேர். கெல் இனமும் அப்படித்தான், கெல்லெஹர் என்ற அம்மாவின் பேரைச் சுருக்கியது. கிட் ஆன்ட்டிபாடி சில மாதங்களில் அளவு குறைந்து, எந்தச் சோதனையிலும் அகப்படாத மட்டத்துக்குப் போய்விடும். கிராஸ்மேட்ச் போட்டால் அழகாகச் சேரும். ரத்தம் ஏற்றிய நாலைந்து நாளிலோ பத்து நாளிலோ பழைய ஞாபகம் வந்து உடம்பு அதைக் குவியலாகச் செய்து, ஏற்றியதையெல்லாம் உடைத்துப்போடும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நடந்தது, இடம் வேண்டாம். 'சேரும்' என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு வயசான அம்மா இரண்டு பை ஏற்றிக்கொண்டு தெம்பாக வீட்டுக்குப் போனார். எட்டாம் நாள் கண் மஞ்சள், சிறுநீர் டீ டிக்காஷன் நிறம். வீட்டில் காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்து, பத்தியம் வைத்து, மந்திரிக்கவும் கூட்டிப்போயிருக்கிறார்கள். மூன்று நாள் கழித்து மூச்சு வாங்குகிறது என்று வந்தபோது, ஏற்றுவதற்கு முன் இருந்த அளவுக்கும் கீழே போயிருந்தது ஹீமோகுளோபின். இப்போது எடுத்த சீரத்தில் கிட் ஆன்ட்டிபாடி துள்ளுகிறது. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன் வேறொரு ஆஸ்பத்திரியில் இதே ஆன்ட்டிபாடியைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டு ஓட்டு வீட்டில் கரையான் தின்ற பெட்டிக்குள் இருந்தது.

இன்னொரு பக்கம் பார்ப்போம். எந்த ஆட்டைப் பார்த்தாலும் குரைத்தால்? பெங்களூருக்குப் பக்கத்தில் கோலார். அங்கே 38 வயசுப் பெண்ணுக்கு இருதய அறுவை சிகிச்சை. குரூப் நம்ம அம்மா மாதிரியே ஓ பாசிட்டிவ். எந்த ஓ பாசிட்டிவும் சேரவில்லை. மாதிரி ரோட்டரி பெங்களூர் டிடிகே ரத்த மையத்துக்குப் போயிற்று. சோதித்த அத்தனை அணுவோடும் எதிர்வினை. குடும்பத்தில் 20 பேருக்குப் பார்த்தார்கள், ஒன்றும் சேரவில்லை. மருத்துவர்கள் கவனமாக, ரத்தமே ஏற்றாமல் அறுவை சிகிச்சையை முடித்தார்கள். மாதிரிகளை இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஆய்வகத்துக்கு அனுப்பி, பத்து மாத ஆராய்ச்சிக்குப் பிறகு, உலகத்தில் யாருக்கும் தெரியாத புது அடையாளம் என்று கண்டார்கள். குரோமர் இனம், இந்தியா, பெங்களூர் என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'கிரிப்' என்று பேர். 2025 ஜூனில் மிலான் மாநாட்டில் அறிவித்தார்கள். கெல்லெஹர் அம்மாவின் பேர் உலகம் சுற்றுகிறது. கோலார் அம்மாவின் பேர் வெளியே வரவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் வளர்ந்திருக்கிறது.

1952-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் ஒய்.எம். பெண்டே குழுவினர் கண்ட 'பாம்பே குரூப்' பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சோதனையில் ஓ மாதிரி இருக்கும், ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் ஆபத்து. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே மறைந்த குணம் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு இது வரும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுகிற நமக்கு இது கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற சங்கதி. வருவதும் சொந்தத்தில், மருந்தும் சொந்தத்தில். இப்படி மறைந்த குணத்தால் வருகிற அபூர்வ குரூப்புக்கு, கூடப் பிறந்தவரில் நாலில் ஒருவருக்கு அதே குரூப் இருக்க வாய்ப்பு உண்டு. நம்ம கரிமூட்டத்து அம்மாவுக்கும் அதுதான் கைகொடுத்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த தம்பியை வரச் சொன்னோம். ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். அவன் குழாயைச் சாய்த்தேன். புகை மாதிரி கரைந்தது. நெருங்கிய உறவின் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் வாங்குகிறவர் உடம்பில் குடியேறித் தாக்குகிற ஆபத்து உண்டு என்பதால், கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றினார்கள்.

தம்பி இல்லாவிட்டால்? இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான இடம். குரைக்கிற எல்லா நாயாலும் தீங்கு வருவதில்லை. சிடோ, ராட்ஜர்ஸ் என்று சில ஆன்ட்டிபாடிகள். கிட்டத்தட்ட எல்லார் ரத்தத்தையும் பார்த்துக் குரைக்கும், சோதனை போடுகிறவனை நாள் முழுக்க அலைக்கழிக்கும். ஏற்றிய ரத்தத்துக்கு ஒன்றும் ஆகாது. கார்ட்ரைட் இனத்தில் ஒன்று, ஒரு நோயாளியிடம் சாதுவாக இருக்கும், அதே ஆன்ட்டிபாடி இன்னொரு நோயாளியிடம் அணுவை அழிக்கும். குழாயில் பார்த்தால் இரண்டும் ஒரே மணி. ஏனென்றால் ஒட்டுவது ஆன்ட்டிபாடி, அழிப்பது வேறு ஆள். மண்ணீரலில் உட்கார்ந்திருக்கிற பெருவிழுங்கி அணு. அதுதான் காவல்காரன். நாய் குரைத்தால் காவல்காரன் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து வருகிறானா, திரும்பிப் படுத்துக்கொள்கிறானா? கிராஸ்மேட்ச் குரைப்பை மட்டும் கேட்கும். காவல்காரனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அப்படியானால் காவல்காரனையே குழாய்க்குக் கொண்டுவந்தால்? அந்தச் சோதனைக்கு மோனோசைட் மோனோலேயர் அஸ்ஸே என்று பேர். ஒற்றை அடுக்குச் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். புது ரத்தத்திலிருந்து மோனோசைட் என்ற வெள்ளணுவைப் பிரிக்கிறார்கள். மண்ணீரல் காவல்காரனுக்கு அது இளவட்டம். கண்ணாடித் தகட்டில் விட்டால் அது தரையைப் பிடித்துப் பரவி உட்கார்ந்துகொள்ளும், மற்றதைக் கழுவிவிடலாம். நோயாளியின் சீரத்தில் ஊறவைத்த, கொடுப்பவரின் சிவப்பணுவை அதன் மேல் விடுகிறார்கள். உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, கழுவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிறார்கள். சில மோனோசைட் சிவப்பணுவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பூ மாதிரி நிற்கும். சில விழுங்கியே இருக்கும், வயிற்றுக்குள் உருண்டை தெரியும். நூற்றுக்கணக்கில் எண்ணி, எத்தனை சதவீதம் பிடித்திருக்கிறது என்று கணக்கு. லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் ஜார்ஜ் காரட்டி, பாட்ரீசியா ஆர்ண்ட் இருவரும் பல வருஷக் கேஸ்களைத் திரும்பிப் பார்த்து 2004-ல் எழுதினார்கள். ஐந்து சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால், குழாயில் சேராத ரத்தத்தையும் பெரிய ஆபத்து இல்லாமல் ஏற்றலாம் என்பது அவர்கள் முடிவு. கனடாவில் டொராண்டோவில் டொனால்ட் பிராஞ்ச் குழுவும் இதில் நெடுநாள் உழைத்தது.

இதற்கும் எல்லை உண்டு. நாய் காவல்காரனை எழுப்பாமல் தானே ரத்தக் குழாய்க்குள் அணுவை உடைக்கிற வகை இருக்கிறது. ஏ, பி விஷயம் அப்படி. அங்கே இந்தச் சோதனை பேசாது. இன்றைக்குச் சாதுவாக இருக்கிற ஆன்ட்டிபாடி, ஒரு பை ஏற்றிய பிறகு குணம் மாறலாம். மறுபடி பார்க்க வேண்டும். புது வெள்ளணு வேண்டும், தேர்ந்த கை வேண்டும், ஒரு நாள் போகும். நம் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இது வழக்கமான சோதனை ஆகவில்லை. ஆகவேண்டும் என்று நான் கொடி பிடிக்கவும் மாட்டேன். பேனல் புட்டி கையிருப்பு இல்லாத ஊரில் மோனோசைட்டை எண்ணப்போவது, வாசல் இல்லாத வீட்டுக்குத் தோரணம் கட்டுகிற வேலை. ரத்தம் முன்பு ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஆன்ட்டிபாடி இருக்கிறதா என்று முதலிலேயே ஒரு மூன்று புட்டிச் சோதனை போட்டால், ராத்திரி இரண்டு மணிப் பதற்றம் பாதி குறையும். அதைக் கேட்டு வாங்கலாம்.

ஒன்றுமே சேராமல், உயிரும் இழுத்துக்கொண்டிருந்தால் மருத்துவர் என்ன செய்வார் என்று முன்வரிசையில் ஒரு தம்பி வந்ததுமே கேட்டார். ரத்தப்போக்கை நிறுத்துவது முதல் வேலை. நாள் இருந்தால் இரும்புச்சத்து ஊசி. அறுவை சிகிச்சை தள்ளிப்போடக்கூடியதாக இருந்து உடம்பும் தாங்கினால், நோயாளியின் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேமிப்பது. மும்பையில் உள்ள ஐ.சி.எம்.ஆரின் நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனம் வைத்திருக்கிற அபூர்வக் கொடையாளர் பதிவில் தேடுவது. எதுவும் ஆகாவிட்டால், இருப்பதில் குறைவாகக் குரைக்கிற பையை எடுத்து, பக்கத்தில் டாக்டர் உட்கார்ந்துகொண்டு சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் ஏற்றி, நிறுத்தி, ஒரு மாதிரி எடுத்துச் சுற்றி, மேலே நிற்கிற சீரம் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏற்றுவது. ஆன்ட்டிபாடி பயத்தில் ரத்தமே ஏற்றாமல் ஆளை விடுவதும் தப்புதான்.

அந்தக் கரிமூட்டத்து அம்மாவுக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தேன். ஆன்ட்டிபாடியின் பேர், தேதி, தம்பியின் குரூப்பும் அதுதான் என்ற குறிப்பு. எங்கே போனாலும் முதலில் இதைக் காட்டு தாயி என்று இரண்டு தடவை சொன்னேன். கட்டியை எடுத்துவிட்டார்கள், ஆள் தேறிவிட்டார். ஆறு வருஷம் கழித்து, கூட்டாளி ஒருத்தியின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர், என்னைப் பார்த்துவிட்டு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை, களிப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, அதற்கு அடியில் பிளாஸ்டிக் தாளில் மடித்த அந்த அட்டை. டப்பியிலிருந்து சுண்ணாம்பு கசிந்து ஓரம் வெந்துபோயிருந்தது. எழுத்து பாதி மங்கல். "அழிஞ்சிட்டு வருது சார், திருப்பி எழுதிக் குடுங்க" என்றார். அன்றைக்குக் கவுண்டரில் நல்ல கூட்டம். எல்லோரையும் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, புது அட்டை எடுத்து, இந்தத் தடவை கெட்டி மையில் எழுதிக் கொடுத்தேன்.